தானாக முடிவெடுக்க அனுமதி

என்னை அந்த முதியோர் பயிற்சி இல்லத்தில் கொண்டுபோய் விட்டபோது, "கொஞ்ச நாள்தான்ப்பா" என்றாள் என் மகள். பொய் சொல்லும்போது எதையாவது மடித்துக்கொண்டே பேசுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அன்று என் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

நடந்தது இதுதான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் நான் தனியாக இருக்கிற ஆள், மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. ஆகவே மகளும் மாப்பிள்ளையும் கலந்து பேசி, நான் தனியாக இருக்கத் தகுதியானவன் என்று அந்த இல்லம் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம், கொடுக்காவிட்டால் அங்கேயே நிரந்தரப் பிரிவில் தங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கலந்து பேசியதில் நான் இல்லை.

என் வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, வாசலில் கார் நிறுத்த இடம். டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக் கட்டிய வீடு. அதன் ஜன்னல்களை மாப்பிள்ளை டேப் வைத்து அளந்துகொண்டிருந்ததை, நான் வண்டியில் ஏறும்போதே பார்த்தேன். கேட்டதற்கு, "கொசுவலை போடலாம்னு மாமா" என்றார். கொசுவலைக்கு எதற்குச் சுவரையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

இல்லத்தின் நுழைவாயிலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை. "உங்கள் கால்களே உங்கள் துணை" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அதே பெயிண்டில், அதே கையெழுத்தில், "துணையாள் இன்றி யாரும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது" என்று இருந்தது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். பலகை எழுதியவனுக்கு ஒருமுறைகூடச் சிரிப்பு வரவில்லையா என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

எனக்கு ஒதுக்கப்பட்ட துணையாள் நல்ல உயரம், நல்ல பருமன். அங்கிருந்தவர்கள் அவரைத் தூண் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் என் பக்கத்தில் வந்து நின்று, தோளில் கையைப் போட்டு, "என்னைப் பிடிச்சுக்குங்க மாஸ்டர், பயப்படாதீங்க" என்றார். நான் எழுந்தேன். தோளில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றியது போல இருந்தது. தோளில் பாரம் ஏற்றித்தான் காலுக்குப் பலம் வரவைப்பார்கள் போலிருக்கிறது, இது ஏதோ புது வைத்தியமுறை என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டுக் கூடம்வரை அப்படியே நடந்தோம். திரும்பி வரும்போது பாதி வழியில் நான் நின்றேன். அவரும் நின்றார். நான் ஒரு ஓரமாக நகர்ந்தேன். அவர் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு முட்டியில ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன்.

அவர் முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தேய்ஞ்சு போச்சு மாஸ்டர். ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும். நீங்க வந்தது ஏதோ என் நல்ல காலம். போன ஆளு ரொம்ப ஒல்லி."

அதாவது என்னை நடக்கவைக்கச் சம்பளம் வாங்குகிற ஆளை நான் நடக்கவைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் ஒருவர்தான் அந்தக் கட்டடத்தில் என்னிடம் உண்மை பேசியவர் என்பதால் தோளைக் கொடுத்தேன். என் இடுப்பு சீக்கிரம் உரம் பெற்றதற்கு அவருடைய எடைதான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காலையில் சுயசமையல் வகுப்பு. ஒரு அறையில் மாதிரிச் சமையலறை ஒன்றை அமைத்திருந்தார்கள். அடுப்பு, தீ விபத்து நடக்கக் கூடாது என்று அட்டையில் செய்தது. கத்தி ரப்பர். பாத்திரங்களைச் சங்கிலி போட்டு மேடையோடு பூட்டியிருந்தார்கள். நாங்கள் வரிசையாக நின்று அட்டை அடுப்பைப் பற்றவைத்து, இல்லாத தண்ணீரைக் கொதிக்கவைத்து, காலி டம்ளரை ஊதி ஊதிக் குடித்துவிட்டு வந்தோம். எனக்குப் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒரு நாள் டம்ளரை ஊதவில்லை. "சூடு ஆறுற வரைக்கும் காத்திருக்கணும்னு தெரியலையே" என்று பயிற்சியாளர் அவருக்கு மார்க்கைக் குறைத்தார்.

பிற்பகல் சுயமுடிவு வகுப்பு. அதை நடத்தியது ஒரு இளம்பெண். என் முன்னால் ஒரு நீலச் சட்டையையும் ஒரு வெள்ளைச் சட்டையையும் வைத்து, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை நீங்களே எடுத்துக்கலாம், யாரும் கட்டாயப்படுத்தல" என்றாள். நான் வெள்ளையை எடுத்தேன். அவள் முகம் வாடிவிட்டது.

"தப்புங்க ஐயா. நீலம்தான் சரி."

"நீதானேம்மா பிடிச்சதை எடுக்கச் சொன்ன?"

"ஆமா. சுயமா யோசிச்சா நீலம்தான் வரும். கையேட்டுல அப்படித்தான் போட்டிருக்கு. நீங்க இன்னும் சுயமா யோசிக்கல."

மறுநாள் நீலத்தை எடுத்தேன். கை தட்டினாள். தூண் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவரும் தட்டினார். எனக்கு என்னவோ அந்தக் கைதட்டல் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் கூசியது.

அதற்குள் மகள் வந்தாள். வழக்கம்போலத் துண்டைத் தேடினாள். "வீட்டை ஒருத்தர் வாடகைக்குப் பாத்துட்டுப் போயிருக்காருப்பா. தங்கமான மனுஷன். மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். சும்மா பூட்டிக் கிடந்தா கரையான் பிடிச்சுடும்ல?"

"நான் வர்ற வரைக்கும் கரையானைக் காத்திருக்கச் சொல்லு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்ப்பா" என்று அழுதாள். அழுகை உண்மையான அழுகைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாப்பிள்ளையின் டேப்பில்தான் சந்தேகம். அன்று முழுக்க, என் கையில் இல்லாத வீட்டுச் சாவியைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டே இருந்தேன்.

இனிக் காத்திருந்தால் ஆகாது என்று தூணைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிர்வாகியின் அறைக்குப் போனேன். நிர்வாகி மெலிந்த மனிதர், மேஜை மட்டும் பெரியது. அதன் மேல் ஒரு சிவப்புப் போன். எனக்குத் தகுதிச் சான்றுக்கான தேர்வை முன்கூட்டியே வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஐயா, சுதந்திரம்ங்கறது சாதாரண விஷயமில்ல" என்று ஆரம்பித்தார். "அதை யார் கையிலயும் சட்டுனு தூக்கிக் குடுத்துட முடியாது. அதுவும் அதைக் கேக்கறவங்க கையில குடுக்கவே கூடாது. கேக்காம, அவசரப்படாம, நாங்க குடுக்கற வரைக்கும் பொறுமையா எங்களையே நம்பி இருக்காரு பாருங்க, அவருக்குத்தான் தனியா இருக்கற பக்குவம் வந்திருக்குன்னு அர்த்தம்."

"அப்படி இருக்கறவரை அனுப்புவீங்களா?"

"அவரு போகணும்னு கேக்கவே மாட்டாரே" என்றார்.

பிறகு சிவப்புப் போனை எடுத்தார். தலைமை அலுவலகத்துக்கு நேராகப் போகிற போன் அது. எழுந்து நின்றுகொண்டு பேசினார். "சார், இங்க ஒருத்தர் தேர்வு வைக்கச் சொல்றாரு சார்... சரி சார்... ஆமா சார், ஆய்வுக்குழு வர்ற அன்னிக்கே வச்சுடலாம் சார்... இல்ல சார், நான் தனியாவே முடிவெடுத்துட்டேன் சார், நீங்க இப்ப சொன்ன மாதிரியே." போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார், புழுக்கமாக இருந்தது. மறுபடி போனை எடுத்து, "சார், ஜன்னலைத் திறக்கலாமா சார்?" என்று கேட்டார். திறக்கலாம் என்று பதில் வந்திருக்க வேண்டும், திறந்தார்.

வெளியே வந்ததும் தூண் எனக்கு விஷயத்தைச் சொன்னார். எங்களுக்குத் தேர்வு இருப்பதைப் போல இல்லத்துக்கும் ஒரு தேர்வு இருந்ததாம். யாரையும் கேட்காமல் தானே நடத்திக்கொள்ளும் தகுதி அந்த இல்லத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துத் தன்னாட்சி அந்தஸ்து கொடுக்க ஒரு குழு வரப்போகிறது. குழுவின் முன்னால் எப்படிச் சுயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகிக்குத் தலைமை அலுவலகம் தினமும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கும் யாரோ நீலச் சட்டையைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பாவமாகக்கூட இருந்தது.

குழு வந்த நாளில் எங்கள் எல்லோருக்கும் தலை வாரிவிட்டார்கள். தானே வாரிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கும் சேர்த்து வாரிவிட்டார்கள். குழுத்தலைவர் ஒரு வயதான அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி எல்லாவற்றையும் அதற்கு மேலாகப் பார்த்தார். எனக்கு வைத்த தேர்வு, நீண்ட வராந்தாவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை யாருடைய உதவியும் இல்லாமல் நடப்பது. துணையாள் பின்னால் வரலாம், தொடக் கூடாது.

நான் நடந்தேன். தோளில் பாரம் இல்லாமல் நடந்து பழக்கம் விட்டுப்போயிருந்ததால் கால்கள் பறந்தன. பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் தொப்பென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், பிடித்துக்கொள்ள என் தோள் இல்லாமல் தூண் தரையில் கிடந்தார். கூடவே இழுபட்டு வந்த ஜன்னல் திரை அவர் தலைமேல் கிடந்தது.

மறு கோடியில் என் வீடு இருந்தது. அதை நான் மறக்கவில்லை. திரும்பிப் போனால் தேர்வு போய்விடும், மாசக் கடைசிக்குள் அந்தத் தங்கமான மனுஷன் என் சமையலறையில் காப்பி போடுவான். ஆனால் திரைக்குள்ளிருந்து, "மாஸ்டர்... ஆபீஸ்ல பாக்கறதுக்குள்ள..." என்று குரல் வந்தது. மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய், அவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்துக்கொண்டு மறு கோடிவரை நடந்து முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வலியில் வந்ததல்ல.

நிர்வாகி மேஜை மேல் விட்டுவந்த போனைத் தேடி இடுப்பைத் தடவினார். குழுத்தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"அற்புதம்!" என்றார். "இதுவரைக்கும் எத்தனையோ இல்லம் பாத்திருக்கேன். தானா நடக்கறவங்களைக் காட்டுவாங்க. பராமரிக்கிறவரையே தூக்கிட்டு நடக்கற அளவுக்கு ஒருத்தரைத் தயார் பண்ணிக் காட்டின இடம் இது ஒண்ணுதான். அந்தத் துணையாளரும் என்ன ஒரு தியாகம்! வேணும்னே விழுந்து காட்டியிருக்காரு!"

தூணுக்கு அங்கேயே பொன்னாடை போர்த்தினார்கள். இல்லத்துக்குத் தன்னாட்சி கிடைத்தது.

பாராட்டு விழாவில் நிர்வாகி பேசினார். "இன்று முதல் நாம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பேச்சைத் திருத்திக் கொடுத்த தலைமை அலுவலகத்துக்கு நன்றி. இந்தத் தன்னாட்சியை எப்படி நடத்த வேண்டும் என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் நாம் அப்படியே கடைப்பிடிப்போம்." எல்லோரும் கை தட்டினார்கள். நான் விழா முடியும்வரை பொறுத்திருந்து, என் தகுதிச் சான்றைக் கேட்டேன்.

நிர்வாகி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தகுதியானவர்ங்கறதுல யாருக்கும் சந்தேகமே இல்ல. அதனாலதான் அனுப்ப முடியாது. உங்க தகுதிக்கு நாங்க சாட்சி, எங்க தகுதிக்கு நீங்க சாட்சி. வருஷா வருஷம் குழு வரும். சாட்சி வீட்டுக்குப் போயிட்டா நாங்க யாரைக் காட்டறது?"

அதாவது, தேறாதவர்களைத் தேறாததால் வைத்திருந்தார்கள். என்னைத் தேறியதால் வைத்துக்கொண்டார்கள். ஆள் போகிற வாசல் எங்கே இருக்கிறது என்று அந்த இடத்தில் யாருக்குமே தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் சமையலறைப் பக்கமிருந்து வாசனை எதுவும் வரவில்லை. மேல்தொட்டி நிரம்பி மாடிப்படியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் மோட்டாரை நிறுத்தவில்லை. சமையல்காரர் பூசணியையும் உருளைக்கிழங்கையும் முன்னால் வைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தலைமை அலுவலகம் போனை எடுக்க மாட்டேங்கறாங்க" என்றார். "உங்களுக்குத்தான் தன்னாட்சி வந்துடுச்சே, நீங்களே முடிவு பண்ணுங்கன்னு ஒரே ஒரு தடவை எடுத்துச் சொல்லிட்டு வச்சுட்டாங்களாம். நிர்வாகி அறையைப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருக்காரு."

போய்க் கதவைத் தட்டினேன். நிர்வாகி திறந்தார். சட்டை நனைந்திருந்தது, ஜன்னலை மூடியே வைத்திருந்தார். திறக்கலாமா என்று கேட்க ஆளில்லை.

"மாஸ்டர்" என்றார். அதுவரை நான் அவருக்கு ஐயாதான். "பூசணியா, உருளைக்கிழங்கா?"

"உருளைக்கிழங்கு" என்றேன்.

மூச்சு விட்டார். ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "மோட்டாரை?"

"நிறுத்துங்க."

"ஜன்னலை?"

"திறங்க. முட்டி தேய்ஞ்ச துணையாளுக்கு உக்காந்து பாக்கற வேலையா குடுங்க. போன் எடுக்கற வேலை குடுங்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முகத்தில் உயிர் வந்தது. இதுதான் சமயம் என்று அடுத்ததைப் போட்டேன். "என்னை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க."

தலையாட்டப் போனவர் பாதியில் நின்றார். "அனுப்பலாம். ஆனா நாளைக்கு யாரைக் கேக்கறது?"

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. மேஜை மேல் கிடந்த காகிதத்தில் என் வீட்டுப் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். "காலையில ஒரு தடவை கூப்பிடுங்க. குழு வந்தா நானே நேர்ல வந்து நடந்து காட்டறேன்." அவர் கையெழுத்துப் போட்டார். எங்கே போட வேண்டும் என்று கேட்டார், இடத்தைக் காட்டினேன்.

மகள் சாவியோடு வந்தாள். சான்றை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், என்மேல் அவளுக்கும் சந்தேகம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. என் மகள்தானே. மாப்பிள்ளை டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். தங்கமான மனுஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டார். நான் என் கையால் அடுப்பைப் பற்றவைத்து, நிஜமான தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காப்பி குடித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

தினமும் காலையில் நிர்வாகி கூப்பிட்டார். இன்றைக்கு என்ன சமையல், மழை வரும்போல இருக்கிறதே துணியை எடுக்கலாமா, போஸ்ட்மாஸ்டர் கோபமாக இருக்கிறாரே சமாதானப்படுத்தலாமா. நான் எரிந்து விழுவேன். "இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா? கொஞ்சமாவது சொந்தக் கால்ல நில்லுங்க" என்று திட்டுவேன். திட்டிவிட்டுப் பதில் சொல்வேன். அவர்களுக்கு என்ன சமைக்கச் சொன்னேனோ அதையே எனக்கும் சமைத்துக்கொள்வேன், இரண்டு தரம் யோசிக்க வேண்டாம் பாருங்கள்.

போன திங்கட்கிழமை போன் வரவில்லை. நிம்மதி என்று பேப்பரை விரித்தேன். பேப்பர் முடிந்தது. போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. செவ்வாயும் வரவில்லை. வேறு யாரையோ கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தது. யாராக இருக்கும் என்று யோசித்ததில் அடுப்பைப் பற்றவைக்கவில்லை, பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. பசித்தது. ஆனால் என்ன சமைப்பது என்று ஒன்றும் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் நானே கூப்பிட்டேன்.

தூண்தான் எடுத்தார். "மாஸ்டரா? நல்லா இருக்கீங்களா? இங்க ஒரு குறையும் இல்ல. தலைமை அலுவலகம் மறுபடி போன் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"ஏனாம்?"

"யாரும் எதுவும் கேக்காம அவங்களுக்கு அங்க பொழுதே போகலையாம். பைத்தியம் பிடிச்சுடும்போல இருக்குன்னு அவங்களே கூப்பிட்டாங்க. உங்களுக்கு ஏதாவது வேணுமா மாஸ்டர்?"

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்திருக்க வேண்டும். "இன்னிக்கு அங்க என்ன சமையல்?" என்று கேட்டேன்.

"கோஸ். தலைமை அலுவலகத்துல சொல்லிட்டாங்க" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்க் கோஸ் வாங்கி வந்தேன். வீட்டில் கத்திரிக்காய் இருந்தது.